கீழ்த்தெருக் கிணற்றுத் தண்ணீர்

அறிவியல் கண்காட்சி என்றதும் பிள்ளைகளைத் தெர்மகோல் வாங்கிவரச் சொல்லும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. சோடா உப்பைப் பொங்கவைத்து எரிமலை என்பார்கள். நாலு பல்பு எரிந்தால் மின் நிலையம் என்பார்கள். அதில் பிள்ளை கண்டுபிடித்தது என்ன இருக்கிறது? முதலில் ஒரு கேள்வி வேண்டும். அதற்கு விடை பிள்ளைக்கும் தெரிந்திருக்கக் கூடாது, டீச்சருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. பிறகு அளக்க வேண்டும், எண்ண வேண்டும், எழுதிவைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் விசாரிக்க வந்திருப்பது நாலு பேர் செத்ததைப் பற்றி என்பது எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன். எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும்.

என் பெயர் வசந்தாமணி. எருமப்பட்டிக்குக் கிழக்கே, இந்தக் கருங்கல்மேட்டு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன வருடம், எண்பத்து நாலில், அங்கமுத்து என்ற பையனை வைத்து மண் சோதனை செய்தேன். பதினோரு விவசாயிகளின் காடுகளுக்கு நடந்தே போய் மண் எடுத்து வந்தான். சேலத்தில் நடந்த மாவட்டக் கண்காட்சியில் ஒரு நடுவர் அவனுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பட்டிக்காட்டுப் பையன் செய்யற வேலையா இது? டீச்சரே எழுதிக் கொடுத்துட்டீங்க" என்று சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அங்கமுத்து நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். பத்தாவது முடிக்காமலே போர்க்கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். அந்தச் சிரிப்புக்கு யாரும் விசாரணை வைக்கவில்லை.

இந்த வருடம் கேள்வி கேட்டவள் உண்ணாமலை. ஒன்பதாம் வகுப்பு. அம்மா பொன்னாயி கல்லு உடைக்கிற வேலைக்குப் போகிறாள். "ஏனுங்க டீச்சர், எங்க கீழ்த்தெருவுல மட்டும் எல்லாருக்கும் வயிறு கடுக்குதே, அது எதனாலீங்க?" என்றாள். இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

கோடைப் பயிற்சி முகாமில் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மருந்தில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். மலம் கலந்த தண்ணீரானால் மறுநாள் மை போலக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். ஊரில் ஏழு இடத்தில் தண்ணீர் எடுத்தோம். ஆறு பாட்டில் மஞ்சள். கீழ்த்தெருக் கிணற்றுப் பாட்டில் கறுப்பு. அன்று அக்டோபர் இருபத்தொன்பது. கண்காட்சி நவம்பர் இருபத்திரண்டு.

"இன்னிக்கே தெருவுல சொல்லிப்போடட்டுங்களா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"ஒருக்கா கறுத்ததை வெச்சுச் சொல்லப்படாது சாமி. மூணு தரம் பார்க்கோணும்" என்றேன். அதில் தவறில்லை. எந்த ஆசிரியரும் அப்படித்தான் சொல்வார்.

மூன்று தரமும் கறுத்தது. மறுபடி கேட்டாள். சொன்னால் நடக்கப்போகிற காரியத்தை அவளுக்கு விளக்கினேன். தெருவில் சொன்னால் பஞ்சாயத்துக்காரர்கள் வந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார்கள். தண்ணீர் தெளிந்துவிடும். இந்த முறை நடுவர்கள் சந்தேகப்படக் கூடாது என்று நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அவர்களே ஓர் ஆளை அனுப்புவார்கள், அவர் கையாலேயே காகிதம் போட்ட பாட்டிலில் தண்ணீர் எடுத்து அரக்கு முத்திரை வைப்பார், மேடையில் வைத்து முத்திரையை உடைப்பார்கள். அந்தப் பாட்டில் மஞ்சளாக இருந்தால் உண்ணாமலை பொய்க்காரி ஆகிவிடுவாள். "நோட்டுல மூணு வாரமா கறுப்புன்னு எழுதி வெச்சுட்டு, அங்க போயி மஞ்சளைக் காட்டுவியா?" என்று கேட்டேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பவுடர் போடுவதற்கு முன், போட்ட பின் என்று இரண்டையும் காட்டியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அதுவும் நல்ல திட்டம்தான். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கீழ்த்தெருவில் இருபத்தெட்டு வீடு. வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் யாருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதச் சொன்னேன். மேலத்தெருவிலும் அதே போல் இருபத்தெட்டு வீடு. ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாவிட்டால் அது அறிவியல் ஆகாது. உண்ணாமலையின் எழுத்து மணி மணியாக இருக்கும். இரண்டாவது வாரம் நோட்டைக் கொடுத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"எங்க ஊட்டுல மட்டும் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுக்கறமுங்க டீச்சர். யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. தம்பி சின்னவன்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீடு மட்டும் காய்ச்சிக் குடித்தால் அந்த வீட்டுக் கணக்கு வேறு மாதிரி போகும். இருபத்தெட்டில் ஒன்று சிறிய எண் அல்ல. அதை அவளிடம் சொன்னேன். அவள் தன் வீட்டின் பெயரை நோட்டிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். பாதியில் எடுக்கக் கூடாது என்றேன். அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. புரிந்துகொண்டாள்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று கீழ்த்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நூறு வருடமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவர்கள் குடிக்கிறார்கள். எந்த அதிகாரி வந்து எந்தப் பாட்டிலில் பார்த்தார்? நான் பார்த்தேன். அவர்கள் தெருவில் பிறந்த ஒரு பெண்ணைப் பார்க்கவைத்தேன். இருபத்தைந்து நாளைக் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த நூறு வருடத்துக்கு யாரைக் கேட்கப்போகிறார்கள்?

பத்தொன்பதாம் தேதி கீழ்த்தெருவில் ஒரு பெரியவருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. களி தின்ற வயிற்றுக்கு நெல்லஞ்சோறு சேரவில்லை என்றார்கள். இருபதாம் தேதி நடுவர்களின் ஆள் வந்து தண்ணீர் எடுத்து முத்திரை வைத்துக்கொண்டு போனார். அன்று மாலை பெரியவர் இறந்தார். இருபத்தொன்றில் ஒன்பது பேர் படுத்தார்கள். உண்ணாமலையின் தம்பி குழந்தைவேலை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வயது.

மறுநாள் விடிந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கே போனேன். உண்ணாமலை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "தம்பி கூட இருக்கோணுமுங்க டீச்சர்" என்றாள்.

"நீ இருந்து என்ன பண்ணப் போறே சாமி? டாக்டர் இருக்காங்க, உங்கம்மா இருக்கா. நாலு மணிக்கெல்லாம் திரும்பிப்போடலாம்" என்றேன்.

பொன்னாயி மகளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கும்பிட்டு, "டீச்சரு சொன்னாக் கேளு சாமி, போயிட்டு வா" என்றாள். அவளே அனுப்பிவைத்தாள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

சேலத்தில் முத்திரையை உடைத்தபோது பாட்டில் தார் போல இருந்தது. போன வருடம் சிரித்த அதே நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். உண்ணாமலை ஒரு சொல் தடுமாறாமல் விளக்கினாள். அட்டவணையைக் காட்டினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் எண்ணைச் சொன்னாள்.

"இந்தத் தண்ணிய இன்னும் யாராவது குடிக்கறாங்களா?" என்று அந்த நடுவர் கடைசியில் கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைங்க, கெணத்தை மூடியாச்சு" என்று நான் சொன்னேன். மாலைக்குள் சொல்லி மூடிவிடத்தான் நினைத்திருந்தேன். முதல் பரிசு என்று அறிவித்தபோது மணி பன்னிரண்டரை. குழந்தைவேல் இறந்தது பன்னிரண்டு மணிக்கு என்று பிறகு தெரிந்தது. நாங்கள் ஒன்பது மணிக்கே திரும்ப பஸ் ஏறியிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். இதை நான் உண்ணாமலையிடமும் சொன்னேன்.

மொத்தம் முப்பத்தொரு பேருக்குக் கண்டது. நாலு பேர் இறந்தார்கள். மேலத்தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கடைசி வாரக் கட்டம் காலியாக இருந்ததால் நோட்டை உண்ணாமலையின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்தெட்டு வீட்டையும் நிரப்பித் தந்தாள். பதினேழாம் வீட்டுக்கு நேராக 'ஆண், வயது ஆறு, இறப்பு' என்று எழுதியிருக்கிறாள். எழுத்து வழக்கம் போல மணி மணியாக இருக்கிறது. இப்படிப்பட்ட நோட்டு இந்த மாவட்டத்தில் இன்னொன்று கிடையாது.

இனி சுகாதார ஆய்வாளர் கண்ணுசாமி விஷயம். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் குற்றமில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி அவர் சைக்கிளில் பவுடர் மூட்டையோடு வந்தார். "காவேரிக்கரைப் பக்கம் வாந்திபேதி கண்டிருக்குதுங்க டீச்சரம்மா. எல்லாக் கெணத்துக்கும் போடச் சொல்லி உத்தரவு. மூட்டை பத்தாது போலிருக்குது" என்றார். கீழ்த்தெருக் கிணற்றை நாங்களே சோதித்துவிட்டோம் என்று சொன்னேன். மஞ்சள் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். "அப்பச் சரிங்க, அடுத்த ஊருக்காச்சும் ஆகும்" என்று சந்தோஷமாகப் போனார்.

அந்தப் பாட்டிலில் இருந்தது என் வீட்டுத் தண்ணீர். எந்தக் கிணறு என்பதில் குழப்பம் ஏற்பட்டிருக்கலாம் என்று தலைமையாசிரியர் உங்களிடம் சொன்னாராம். என்மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருக்கிறார். குழப்பம் இல்லை. கண்ணுசாமி வருகிறார் என்று முந்தின நாளே தெரியும். 'கீழ்த்தெரு' என்று சீட்டெழுதி ஒட்டி, மேசைமேல் வைத்துவிட்டுத்தான் காத்திருந்தேன். வாந்திபேதி வந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் அதைத்தான் நீட்டினேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஓர் உதவி. மாநிலக் கண்காட்சி டிசம்பர் பதினான்காம் தேதி மெட்ராஸில். உண்ணாமலை பள்ளிக்கு வருவதில்லை. நான் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நீங்கள் கீழ்த்தெருவுக்குப் போகும்போது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். என்மேல் கோபப்பட அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. நோட்டின் அட்டையில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.