தேவயானிக்கு நான் தேர்ந்தெடுத்த தொடக்கம்

சதுரங்கம் புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஏழெட்டுத் தொடக்கங்களைச் சொல்லிக்கொடுத்துக் குழப்பக் கூடாது. ஆளுக்கு ஒன்று போதும். ஜவ்வாது மலையில் பதினொரு வருஷமாக விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எது சரிப்படும் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். அவசரக்காரனுக்கு ஒன்று, பயந்தாங்கொள்ளிக்கு ஒன்று. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள், தேவயானிக்கு மட்டும் ஏன் அதைக் கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கும் சின்னராசுவின் மகள் அவள். எங்கள் விடுதிப் பள்ளியில் பத்தாவது. என் மகள் ஜெப்சியும் அதே வகுப்பு. ஜெப்சிக்கு ஆறு வயதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்ததை இவள் ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயிக்கும் பெண்ணுக்குச் சென்னை விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு இலவசம். இடம் ஒன்றே ஒன்று.

சின்னராசு என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். "எடம் கெடச்சா படிக்கட்டுங்க சார். இல்லன்னா வைகாசியில கண்ணாலம்தான்." ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லப்போவதில்லை.

கறுப்புக் காய் விழுந்தால் ஆட என்று அவளுக்கு நான் கொடுத்தது மிக எளிது. எதிராளியின் குதிரை ராஜாவின் சிப்பாயைக் குறிவைத்தால், பக்கத்து பிஷப்பின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திக் காவல் வை. கொல்லைக்கு வேலி கட்டுவது மாதிரி என்றேன். உண்மையில் அது ராஜாவின் வீட்டுக் கதவைத் திறந்து போடுகிற ஆட்டம். விவரம் தெரிந்தவர்கள் குதிரையைப் பலி கொடுத்து ராணியை இறக்கினால் கதை முடிந்தது. மலைப் பள்ளிகளில் அந்த விவரம் யாருக்கும் தெரியாது. அதனால் ஜெயித்துக்கொண்டே போனாள்.

அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஒருநாள் பலகையையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ராஜா பக்கம் தொறந்துக்குதே சார், ஒன்னும் ஆவாதுங்களா?"

"ஒன்னும் ஆவாது. நான் சொல்றேன் இல்ல."

அதோடு விட்டுவிட்டாள். இந்த மலையில் வாத்தியார் சொன்னால் சொன்னதுதான்.

அதே வாரம் வீட்டில் ஜெப்சிக்குக் குதிரையைப் பலி கொடுக்கப் பழக்கினேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவளை இதில் இழுக்காதீர்கள். இறுதி ஆட்டத்தில் இருவரும்தான் மோதினார்கள். யாருக்கு எந்தக் காய் என்பது மட்டும் என் கையில் இல்லை. அதைக் கர்த்தரிடம் விட்டேன். தேவயானிக்குக் கறுப்பு விழுந்தது. ஆட்டம் பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். பதினாறு வயது. நானும் போய் வாழ்த்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஜெப்சி சென்னையில் மூன்று மாதம் இருந்தாள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் அழுதுகொண்டு திரும்பிவிட்டாள். அந்த இடம் இன்றும் காலிதான்.

இதில் எந்தச் சட்டத்தை மீறினேன், நீங்களே சொல்லுங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெற்ற பிள்ளைக்குச் செய்யாதவன் தகப்பனா? தேவயானியே என்மேல் ஒரு குறை சொன்னதில்லை. தோற்ற அன்று மேஜையை விட்டு எழுந்து நேரே என்னிடம்தான் வந்தாள். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க சார். நான்தான் தப்பா ஆடிட்டேன்" என்று அழுதாள்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. அவளை மன்னித்துவிட்டேன்.