ரெடிமேட் பெட்டிக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, மேடம். சமைக்க நேரமில்லாதவர்கள் ஓட்டலில் சாப்பிடுவதில்லையா, அந்த மாதிரிதான்.

ஆரணியில் பட்டுச்சேலை பார்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். வேலை முடிந்தால் கேம் ஆடுவேன். அதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை நானே சேர்த்தேன். பிராசசர் ஒரு தீபாவளிக்கு, கிராபிக்ஸ் கார்டு அடுத்த தீபாவளிக்கு. நடுவில் கேபினெட் காலியாகக் கிடந்தபோது என் தங்கை சுபலட்சுமி அதில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தறியைக் கழற்றி மறுபடி பூட்டினால், பூட்டினவர் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஓட்டுவோம். என் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் வைத்தேன்.

சுபலட்சுமியின் கணவர் ராஜ்குமார் வீட்டோடு மாப்பிள்ளை. சேலை வியாபாரம், நல்ல மனுஷன். தனக்கும் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். "நான் பண்ணித் தரேன் மாப்ள" என்றேன். பாகங்களைத் தேட ஆரம்பித்தேன். பவர் சப்ளையில் மட்டும் அவசரப்படக் கூடாது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சென்னையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

"கோச்சிக்காதீங்க மச்சான். நீங்க பண்ணிகினே இருப்பீங்க, எனக்கு ஜல்தி வேணும். சொருகுனா ஓடுது பாருங்க."

உள்ளே என்ன பவர் சப்ளை என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஓடுதுல்ல" என்றார்.

தெருவே வந்து பார்த்தது. முன்பக்கத்து விளக்குகளை எல்லோரும் ரசித்தார்கள். பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்று ஆட்டத்தில் ராஜ்குமார் என்னை ஜெயித்தார். "இன்னா மச்சான், பேஜாராயிட்டீங்களா?" என்று தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு என் பக்கம் இன்டர்நெட் சரியில்லை.

என்னை உறுத்தியது வேறு. தினமும் கை வைக்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு மனிதருக்கு அக்கறையே இல்லை. எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன மாதம் தேசூரில் சொந்தத்தில் கல்யாணம். தலைவலி என்று நான் மட்டும் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராஜ்குமாரின் பெட்டியைத் திறந்தேன். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்தெடுத்துத் திரும்ப ஒட்டப் பொறுமை வேண்டும். உள்ளே வேலை மோசமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். என்ன மாற்றம் என்பதை உங்கள் எலக்ட்ரிக்கல் ஆள் சொல்வார். எதையும் மறைத்து வைக்கவில்லை, மேடம். தகட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு அவருக்கு வாய்ப்புக் கொடுத்தேன்.

பெட்டி இருந்தது தறி அறையில். பட்டு இழை அறாமல் இருக்க அங்கே தரையில் தண்ணீர் தெளித்து வைப்போம். செருப்பு போட்டுக்கொண்டு யாரும் உள்ளே போவதில்லை. இதெல்லாம் நான் உண்டாக்கினதில்லை.

கல்யாணத்திலிருந்து வந்தவர் பட்டு வேட்டியைக்கூட மாற்றவில்லை. "ஒரு கேம் போட்லாமா மச்சான்?" என்று கேட்டபடி தறி அறைக்குப் போனார்.

"காபி குடிச்சிட்டு வரேன் மாப்ள" என்றேன். குடித்தேன்.

சத்தம் கேட்டு சுபலட்சுமி ஓடினாள். அவரைத் தொடப் போனவளைப் பிடித்து இழுத்து, மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். அவள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சீல் பிரிக்காத பெட்டி என்பதால் எல்லோரும் கம்பெனியைத் திட்டினார்கள். தங்கை மட்டும் காரியம் முடிந்த அன்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ண்ணா, கடையில வாங்குனதுன்னு நான் இதுக்குப் பொட்டு வெக்கல. அவரும் வெக்கல. யாரு வெச்சது?"

தகடு சேருகிற இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மூடினதும் கை பாட்டுக்கு வைத்திருக்கிறது. கும்பிட்டும் இருப்பேன். அவள் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கோபம் தணிந்ததும் பேசுவாள். எனக்கு இருக்கிறது ஒரே தங்கை.

நான் மறுத்திருக்கலாம், மேடம். ஆனால் உங்கள் ஆட்கள் ரெடிமேட் கம்ப்யூட்டரால் மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தயவுசெய்து திருத்துங்கள். கடையிலிருந்து வந்தபடியே விட்டிருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்திருக்காது. மாப்பிள்ளைக்கு ஒன்று பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பண்ணித் தந்தேன்.