பச்சைக் கேடயத்தின் கடைசி நாள்

ஆர்டிஸ்: ...அப்போ என் கம்ப்யூட்டர்ல வைரஸைத் தடுக்கற இந்தப் பச்சைக் கேடயம் ஞாயித்துக்கிழமையோட செத்துப்போகும்னு சொல்றே?

டேரில்: சாகாது, ஆர்டிஸ். புது அப்டேட் வராது, அவ்வளவுதான். புதுத் திருடன் வந்தா அடையாளம் தெரியாம சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆர்டிஸ்: எதுக்கு அரசாங்கம் இதைத் தடை பண்ணுச்சு? இதைச் செஞ்சவன் ஏதாவது திருடினானா?

டேரில்: அப்படின்னு யாரும் காட்டல. மாஸ்கோ கம்பெனி. நாளைக்கு அவங்க அரசாங்கம் மிரட்டினா கதவைத் திறந்துவிடுவானோன்னு நம்ம அரசாங்கத்துக்குப் பயம். இது ஊருக்கே தண்ணி விடுற ஆபீஸ், நமக்கு எதுக்கு வம்பு? கழட்டிட்டு கலிஃபோர்னியாக்காரனைப் போட்டுடறேன். அரை மணி நேரம்.

ஆர்டிஸ்: அரை மணியா? நான் செய்யற லெமன் பார் கேக் தட்டு காலியாகாம நீ என்னிக்கு எழுந்திருச்சே?

டேரில்: அது வேற... உங்க வீட்டுக்காரர் வெர்ன் போட்டோவைக் கொஞ்சம் தள்ளி வைங்க. மவுஸ் இடிக்குது.

ஆர்டிஸ்: அவர் அடக்கத்துக்கு நீயே பிரிண்ட் எடுத்துக் குடுத்த போட்டோ, நீயே தள்ளச் சொல்றியா? மீனைத் தூக்கிட்டு எப்படிச் சிரிக்கிறார் பாரு.

டேரில்: ம்... சரி, இதோ கேக்குது. "பழைய பதிவுகளை வெச்சுக்கணுமா, அழிக்கணுமா?" அழிச்சிடறேன்.

ஆர்டிஸ்: இரு, இரு! என்ன பதிவு?

டேரில்: குப்பை. இத்தனை வருஷமா எதை எதைத் தடுத்துச்சுன்னு ஒரு பட்டியல்.

ஆர்டிஸ்: கவுன்டி நிர்வாகம் அனுப்பின காகிதத்துல மூணாவது வரி, "பதிவுகளை அச்செடுத்து இணைக்கவும்." நீ வேலை பார்க்கற ஆபீஸ்தானேப்பா அனுப்பிச்சது!

டேரில்: அதை யாரு படிக்கப்போறா...

ஆர்டிஸ்: நான் படிப்பேன். திற.

டேரில்: சரி, திறந்துட்டேன்.

ஆர்டிஸ்: என்ன போட்டிருக்கு?

டேரில்: முப்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு.

ஆர்டிஸ்: என்னது?

டேரில்: பதினோரு வருஷத்துல அத்தனை தடவை யாரோ உள்ள வரப் பார்த்திருக்காங்க. இந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள. நானே இவ்வளவு நினைக்கல.

ஆர்டிஸ்: அடேயப்பா! நான் பக்கத்துலயே உட்கார்ந்து பில் அடிச்சிட்டிருந்தேனே. ஒரு சத்தம் இல்லையே!

டேரில்: இங்க பாருங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பதினாலு. பெரும்பனி வந்து ஊரே அடைஞ்சு கிடந்துச்சே, அன்னிக்கு இருபத்தாறு.

ஆர்டிஸ்: என் கார் வரல. பனி அள்ளற வண்டி வரல. இது மட்டும் வேலைக்கு வந்திருக்கு!

டேரில்: ஒரு நாள்கூட லீவு எடுக்கல, ஆர்டிஸ்.

ஆர்டிஸ்: நாலாயிரம் பேர் குழாயைத் திறந்தா தண்ணி வருது. ஒருத்தருக்காவது தெரியுமா? இதை எழுதினவன் நம்ம ஏரியைப் பார்த்திருப்பானா?

டேரில்: நம்ம மினசோட்டாங்கற பேரைக் கேட்டிருந்தாலே பெருசு.

ஆர்டிஸ்: பார்க்காத ஊருக்கு இத்தனை நாள் காவல்... நான் பாட்டுக்கு ஒரு நாள்கூட அதைத் திரும்பிப் பார்த்ததில்ல... அது என்ன, ஒரு வரி மட்டும் சிவப்பா?

டேரில்: எது... அது சும்மா. கீழ போகலாம்.

ஆர்டிஸ்: நிறுத்து. தேதி என்ன?

டேரில்: ...ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. அக்டோபர் பதினேழு.

ஆர்டிஸ்: வெர்னை அடக்கம் பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.

டேரில்: விடுங்களேன், ஆர்டிஸ்.

ஆர்டிஸ்: புருஷன் போன வாரம் எனக்கு மறக்குமா? வந்தது என்னது? சொல்லு.

டேரில்: எல்லாத்தையும் பூட்டிப்போடற வகை வைரஸ். உள்ள போயிருந்தா பம்ப், குளோரின், எதுவும் நம்ம பேச்சைக் கேட்டிருக்காது. தண்ணியில எவ்வளவு குளோரின் போகுதுன்னே தெரிஞ்சிருக்காது.

ஆர்டிஸ்: தடுத்துடுச்சா?

டேரில்: ஒரு நொடிகூட ஆகல. பிடிச்சு, அடைச்சு, எழுதி வெச்சுட்டுப் பேசாம அடுத்த வேலையைப் பார்த்திருக்கு.

ஆர்டிஸ்: கடவுளே... ரெண்டு நாள் கழிச்சு சர்ச்சுல இருநூறு பேர் அந்தத் தண்ணியிலதானே காபி குடிச்சாங்க. பச்சைக் குழந்தைங்க இருந்துச்சே...

டேரில்: அதான் ஒண்ணும் ஆகலையே.

ஆர்டிஸ்: கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கு? "வந்த வழி"ன்னு தெரியுது, மிச்சத்தை உன் கை மறைக்குது.

டேரில்: அது ஒண்ணுமில்ல.

ஆர்டிஸ்: எனக்காக மறைக்காதே, டேரில். எனக்குத் தெரியும். நான்தான்.

டேரில்: என்ன... நீங்களா?

ஆர்டிஸ்: அன்னிக்கு நீ பிரிண்ட் எடுத்துட்டு வெளிய போனதும் இதுல உட்கார்ந்தேன். "உங்கள் துயரத்தில் பங்கேற்கிறோம்"னு ஒரு மெயில். அனுப்பினது யாருன்னு பார்க்கல, திறந்துட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், மூலையில சிவப்பா ஒரு அறிவிப்பு. பயந்துபோய் மூடிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

டேரில்: அஞ்சு வருஷமாவா?

ஆர்டிஸ்: அஞ்சு வருஷமா. இதைக் கழட்டற நாள் வந்தா வெளிய வந்துடும்னு தெரியும். இழுப்பறையில மேயருக்கு ஒரு கவர் எழுதி வெச்சிருக்கேன். முப்பத்தொரு வருஷ வேலை இன்னிக்கோட போதும். நீ வாராவாரம் வந்து இந்தப் பெட்டியைக் குடையறப்பல்லாம், என்னைக் கண்டுபிடிச்சுட்டியோன்னு நினைப்பேன்ப்பா.

டேரில்: கவரைக் கிழிச்சுப் போடுங்க, ஆர்டிஸ். நான் வாராவாரம் வந்தது உங்களைக் கண்டுபிடிக்க இல்ல, என் சொந்தப் பயத்துல. இதோ, கையை எடுத்துட்டேன், படிங்க. மெயில்னு போடல, பென் டிரைவ்னு போட்டிருக்கு. லைப்ரரி கம்ப்யூட்டர்ல இருந்து வெர்ன் போட்டோவை எடுத்துட்டு வந்து நான்தான் இதுல சொருகினேன். நீங்க பார்த்த அந்தச் சிவப்பு அறிவிப்பை முதல்ல நான் பார்த்துட்டுதான் வாயைத் திறக்காம எழுந்து வெளிய போனேன்.