பாலத்தடியில் எடுத்த சுருள்

அந்தமானில், அதுவும் இந்த மின்னி பே கடற்கரையில், எதையும் நமத்துப்போகாமல் வைத்திருப்பது பெரும்பாடு, ஐயா. உப்புக் காற்றில் தீப்பெட்டிகூட உரசினால் பற்றாது. அதனால்தான் ஃபிலிம் சுருளை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். உங்கள் கான்ஸ்டபிள் அதை ‘ஒளித்து வைத்திருந்தார்’ என்று எழுதியிருக்கிறார். ஒளிக்கவில்லை. அரிசி ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான்.

என் பெயர் பாலசுப்பிரமணியம். அரசாங்க கிளார்க். பதினான்கு வருட சர்வீசில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

நடந்தது அறுபத்து நாலில். மத்திய அந்தமான் காட்டில் ஒரு மரக் கம்பெனியின் தடிகளைத் தண்டவாளத்தில் இழுத்த நீராவி என்ஜினை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றுவதாக முடிவாகியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி, எழுபது வயது. கிளம்புமுன் பத்து நாள் அதைக் குடியேற்றக் கிராமங்கள் வழியாகச் சுற்றுப்பயணம் விட்டார்கள். பெங்காலிப் பெண்கள் சங்கு ஊதினார்கள். நம்மவர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். நான் லீவு போட்டுவிட்டு, மூர் மார்க்கெட்டில் வாங்கிய சினிமா கேமராவோடு வாடகை சைக்கிளில் அதைத் துரத்தினேன். கடிகாரம் மாதிரி சாவி முறுக்குகிற கேமரா. ஒரு முறுக்குக்கு இருபத்தைந்து விநாடி ஓடும்.

டிரைவர் ஹபீப் முகம்மது ராமநாதபுரத்துக்காரர், தங்கமான மனிதர். தன் சோற்றில் பாதியை எனக்குப் பிரித்து வைப்பார். கேமராவைப் பார்க்கச் சொன்னால் மட்டும் திரும்பமாட்டார்.

“டிரைவர் கண்ணு லைன்லதான் இருக்கணும் பாபு. ஒங்களப் பாத்துக்கிட்டே போனா எல்லாரும் ஓடையிலதான் கெடக்கணும்” என்று சிரிப்பார்.

ஒன்பது நாளில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் கூட்டம் மறைத்தது, மறுநாள் மழை. நான் ஆசைப்பட்டது ஒரே காட்சிக்கு: ஓடைமேல் மரப்பாலம், அதில் என்ஜின் புகை கக்கிக்கொண்டு முழு வேகத்தில், கீழேயிருந்து.

அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது. பாலத்தின் முனையில் சண்முகம் என்ற காவலாளி தூண்களைத் தட்டிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சிவப்புத் துணியோடு நிற்பார், வண்டி நின்றுவிடும். ஆள் நிற்கவில்லை என்றால் பாலம் சரி, வேகம் குறைக்காமல் போகலாம். அதுதான் அவர்கள் வழக்கம்.

பத்தாம் நாள் காலையில் அவர் துணியோடு நின்றார்.

“ராத்திரி பூரா மழ பாபுஜி. நடுத்தூண் ஆடுது. இன்னிக்கு வண்டி பந்த்.”

என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே சுருள். அடுத்தது மெட்ராசிலிருந்து கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புத் துணி வெறும் அழுக்குத் துணியாகத்தான் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை, மனம் புண்படும்.

“நான் என்ஜின் நிக்கிற கேம்ப் வழியாத்தான் வரேன். வண்டி வராதுன்னு டிரைவருக்குத் தெரியும். நீங்க போய் டீ குடிங்க” என்றேன்.

“பகுத் அச்சா, பாபுஜி” என்று துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அரசாங்க ஆள் சொன்னால் நம்புகிறவர்.

பாலம் தாங்கும் என்றுதான் நினைத்தேன். ஆடுகிற தூண் படத்தின் நடுவில் வரும்படி கேமராவை வைத்தது தற்செயல்.

விசாரணையில் சண்முகத்துக்கு வேலை போனது, இரண்டு வருடம் ஜெயில். வேலையிடத்தை விட்டுப் போனது தப்புதானே. யாரோ ஒரு பாபு சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போய்ச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

போன மாதம் ஹபீபின் மனைவி லத்தீபா வந்தார். நான் படம் எடுத்தது எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பாவமாக இருந்தது. சுவரில் போர்வையைக் கட்டி முழுச் சுருளையும் ஓட்டினேன். முடிந்ததும் எழுந்துவிட்டார். பிறகு, “பாலத்துல சண்முகம் நிக்கலயே பாபு. நீங்க மட்டும் எப்புடி முன்னாடியே வந்து நின்னீக?” என்று கேட்டார். நான் வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். தூண் போய் என்ஜின் ஓடையில் சாய்ந்ததோடு முதல் முறுக்குத் தீர்ந்துவிட்டது. நெருப்புப் போடுகிறவர் குதித்து, ஆள் கூப்பிட கேம்புக்கு ஓடினார். ஹபீபின் கால் வண்டிக்கு அடியில். ஓடையில் கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு அடி. நெம்பிக்கொள்ள ஒரு கட்டை கேட்டார். பக்கத்தில் இருந்த ஒரே கட்டையைக் கேமரா ஸ்டாண்டுக்கு அண்டை கொடுத்திருந்தேன். அதை உருவினால் படம் ஆடியிருக்கும்.

சாவியை மறுபடி முறுக்கினேன்.

இரண்டாவது துண்டைக் கவனித்துப் பாருங்கள், ஐயா. தண்ணீர் முகவாய்க்கு வரும்போது நேராக லென்ஸைப் பார்க்கிறார். பத்து நாள் கெஞ்சியும் திரும்பாத மனிதர், கடைசியில் எனக்காகப் பார்த்தார்.