ஒரே ஒருவருக்கான டிரெய்லர்

புத்தகங்களுக்கு டிரெய்லர் என்று விளம்பரப் படம் செய்கிறவர்கள் முழுப் புத்தகத்தையும் படிக்க மாட்டார்கள், பின்னட்டையைப் பார்த்தே ஒப்பேற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் படிப்பேன். தேநீர் இருந்தால் கொடுங்கள், சர்க்கரை வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன்.

அக்காவுக்கு அது முதல் நாவல். வெளியீட்டுக்கு முன்னால் ஒரு டிரெய்லர் வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னதும், "என் தங்கச்சியே பண்ணட்டும்" என்றிருக்கிறாள். அச்சுக்குப் போக வேண்டிய பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "படிச்சிட்டு திட்டணும்னா திட்டிடுடி. மனசுல வச்சுக்காதே" என்றாள். நான் திட்டவில்லை.

நாவல் எங்கள் வீட்டுக் கதைதான். என் மகள் நாலு வயதில் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தாள். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்திருந்த வீடு. அவளை அக்காவிடம் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தேன் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். அக்கா மறுத்துப் பேசவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். விபத்து என்று முடித்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் அதற்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை, எனக்குக் கொடுத்த வாக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாவலில், குழந்தையின் அம்மா குளத்தோரத்திலேயே உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். பெரியம்மா சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது சும்மா பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். பிரதியை மூடி வைத்துவிட்டுத் துணி மடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டிரெய்லரில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது. எல்லோருக்குமாகச் செய்தால் யார் மனதிலும் நிற்காது. நான் என் கணவரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். புத்தகம் கடைக்கு வந்தால் அவர் கட்டாயம் படிப்பார். அதற்கு முன்னால் நான் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவை என் ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். தொண்டைக்கு இதமாக வெந்நீர் கொடுத்தேன். "அட்டைப்படம்கூட நான்தான் சொன்னேன்" என்றாள். "குழந்தையோட கையை எழுதும்போது அழுகையா வந்துச்சு" என்றாள். "பாதியில முடியாம விட்டுட்டேன். அப்புறம் மறுபடி எடுத்தேன்" என்றாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். ஒண்ணுமில்லை, பேசு என்றேன்.

நான்தான். குழந்தையோட கையை. விட்டுட்டேன்.

வார்த்தைகளை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. இடையில் மூச்சு சரியாக விழ வேண்டும். அழுகையை அடக்கி அவள் இழுத்த மூச்சு ஒன்று இருந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் அவள் முகத்தைக் காட்டவில்லை. தண்ணீரும், அதில் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான். இசையும் சேர்க்கவில்லை. இசை வந்தால் விளம்பரம் என்று தெரிந்துவிடும்.

பதிப்பாளருக்கு வேறொன்று செய்து அனுப்பினேன். அதுவும் நன்றாகவே வந்திருந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன்.

"இத ஊருக்கே சொல்லப்போறாளா?"

"பேரு வாங்கணும்ல" என்றேன்.

அவருடைய போனுக்கும் அனுப்பி வைத்தேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "அவ வீட்ல வேற யாரு இருப்பா?" என்று கேட்டார்.

"தனியாத்தான் இருப்பா."

அவருடைய கோபம் எனக்குத் தெரியாததல்ல. அதில் ஒரு முறை என் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

அக்கா வீட்டு மாடிப்படியில் நடந்ததை அவரே வாக்குமூலத்தில் உங்களிடம் சொல்லியிருப்பார். தள்ளுவதற்கு முன்னால் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் குரல்தானே இது?" என்று கேட்டாராம். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஆமா, என் குரல்தான்" என்றாளாம். தான் சொல்லாததைச் சொல்லவைத்தது யார் என்று அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே திரும்பி வீட்டுக்கு வந்திருப்பார். அவள் சொல்லவில்லை. அதைப் பாசம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, எல்லாம் ஆறிய பிறகு எழுதினாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை கூப்பிட்டது அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று அக்கா எழுதியிருக்கிறாள். அதைச் சொல்லியே அவளை மன்னித்தும்விடுகிறாள். அது தவறு. எனக்குக் கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டாள். அன்றைக்கு மடிக்கணினியில் கடைசி ஷாட் ஒன்று பொருந்தாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. "இதோ வரேன்டி" என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன். கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் ஒன்றும் இருந்துவிடவில்லை.