தொண்ணூறுக்குத் தொண்ணூறு

ஹலோ… ஆங், ஹலோ… மாப்பிள்ளை, நான்தான். கேக்குதா? … சரி, சரி. கட்டில் வந்துருச்சு. வந்துருச்சு மாப்பிள்ளை, ஆனா ரூமுக்குள்ள போகல.

…

இல்ல, ஹாலைத் தாண்டியாச்சு. ரூம் வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. உள்ளயும் போகாம வெளியயும் வராம… ஆமா… ஆமா, கதவையே கழட்டி சுவத்துல சாய்ச்சாச்சு. பக்கக் கம்பி எல்லாம் மடக்கியாச்சு. சாய்ச்சும் பார்த்தாங்க, அடியில அந்த மோட்டார் பெட்டி இடிக்குது. ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லையா, நம்ம மரக்கட்டில் மாதிரி காலைக் கழட்டி மாட்ட முடியுமா? எல்லாம் வெல்டிங்.

தம்பி, ஒரு நிமிஷம் இருங்கப்பா, பேசிக்கிட்டிருக்கேன்ல… கொண்டு வந்த பசங்கதான். அடுத்த வீட்டுக்குப் போகணுமாம், அவசரப்படுறாங்க.

மாப்பிள்ளை, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே வாசலை அளந்தீங்க… ஆமா, தொண்ணூறுன்னு சொன்னீங்க. தொண்ணூறு சென்டிமீட்டர்… இல்ல, தொண்ணூறேதானா? ஒரு நூல் முன்னப்பின்ன… யோசிச்சுச் சொல்லுங்க…

…

எண்பத்தொம்பது புள்ளி ஆறு.

ம்ம்… ம்ம்… இல்ல இல்ல, அதுல தப்பே இல்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நானா இருந்தாலும் தொண்ணூறுன்னுதான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்துல அதானே சொல்லிக் குடுத்தாங்க, பாதிக்கு மேலன்னா ஏத்து, பாதிக்குக் கீழன்னா இறக்கு. நீங்க ஏத்திட்டீங்க. கடைக்காரன் இறக்கிட்டான்… ஆமா, அவனும்தான். இப்பதான் டேப்பு வச்சுப் பார்த்தேன். கட்டில் தொண்ணூறு புள்ளி நாலு. ஃபோன்ல கேட்டப்ப தொண்ணூறுன்னான். தொண்ணூறுக்குத் தொண்ணூறு, கச்சிதமா வழுக்கிக்கிட்டுப் போயிடும் சார்னான். எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

எட்டு மில்லிமீட்டர் மாப்பிள்ளை. என் சுண்டுவிரல் நகம் இருக்குமா? அவ்வளவுதான்.

…

மரச்சட்டமா இருந்தா நானே இழைச்சு விட்டுருப்பேன். இரும்புச் சட்டம், சுவத்தோட சேர்த்துப் பூசியிருக்கு… அறுக்கலாம், அறுக்கலாம். அறுக்குற ஆள்கிட்டயும் கேட்டுட்டேன். அரை நாள் ஆகுமாம். அந்தத் தூசியில உங்க அத்தைய எப்படிப் படுக்க வைக்கிறது? ஒரு பொட்டுத் தூசி ஆகாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்.

தரையில மெத்தையா… கூடாதாம். தலைப்பக்கம் தூக்கி இருந்தாத்தான் மூச்சு… ஆமா… அதுக்குத்தானே இந்தக் கட்டிலே.

நாளைக்கா? நாளைக்கு எப்படி மாப்பிள்ளை? ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு. பாப்பா அவ அம்மா கூடத்தான் வர்றா. இப்பதான் மெசேஜ் போட்டா, பாலத்துக்கிட்ட வந்துட்டாங்களாம்… இன்னொரு நாள் ஆஸ்பத்திரியில வைக்கலாம்னு சொல்றீங்க. கையில எத்தனை நாள் இருக்கு, சொல்லுங்க. ஒரு வாரம்ங்கிறார் டாக்டர். அது ஏழு நாள்தானா, இல்ல அவரும் அஞ்சரையை ஏத்திச் சொல்றாரா? யார்கிட்டப் போய்க் கேக்குறது?

…

ம்ம்.

…

தெரியும். ரெண்டு மாசமா அவ என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். வலிக்குதுன்னு கூடச் சொல்லல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, அந்த ஜன்னல் பக்கம் என்னைப் போடுன்னா. எதிர்மாடிக்காரம்மா துணி காயப் போடுறதைப் பார்த்து நொட்டை சொல்லணுமாம். புழிஞ்சா போடுறா பாரு, சொட்டச் சொட்டப் போடுறான்னு… சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நேத்துக்கூட அந்த எதிர்மாடி டீச்சரம்மா சட்டையெல்லாம் தலைகீழாவா போடுறாங்கன்னு என்கிட்ட விசாரிக்கிறா. சரிம்மா, நாளைக்கு நீயே வந்து பாருன்னு சொல்லிட்டு வந்தேன். நான் சொல்லிட்டு வந்தேன் மாப்பிள்ளை.

…

அட, நீங்க ஏன் அழுறீங்க. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு… வேணாம். யாரும் பொய் சொல்லல. ஆளுக்குக் கொஞ்சம், ஒண்ணுமில்லாத கொஞ்சம். அதெல்லாம் சேர்ந்து இவ தலையில வந்து விடிஞ்சிருக்கு. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல… நிஜமா இல்ல. மூஞ்சியக் கழுவிட்டு வண்டியைப் பார்த்து ஓட்டிக்கிட்டு வாங்க, போதும்.

தம்பி, பின்னாடி இழுத்துருங்க. ஆமா, ஹால்லயே போட்டுருங்க. தலைமாடு அந்தப் பக்கம்… மெதுவா, சுவத்துல இடிக்காம… ஆங், அப்படியே விட்டுட்டுக் கிளம்புங்க. ரொம்ப நன்றி தம்பி.

வேற வழி தெரியல மாப்பிள்ளை. ஹால்தான். வெளிச்சம் நல்லா இருக்கு, வர்றவங்க போறவங்களைப் பார்க்கலாம்னு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்… ம்ம், உங்க அத்தைகிட்ட நான் எதையும் சமாளிச்சதா சரித்திரமே இல்ல. என்ன பண்றது.

வண்டிச் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. லைன்லயே இருங்க… இல்ல, கட் பண்ணாதீங்க, தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு. சட்டைப் பைக்குள்ள போட்டுக்குறேன்.

…

வாம்மா, வா வா. பாப்பா, சிலிண்டரை இப்படி வை. ஸ்ட்ரெச்சரைப் பார்த்துத் தூக்குப்பா, தம்பி, படி இருக்கு… ஆங். என்னம்மா? … இல்ல, இங்கதான். இங்க காத்து நல்லா வரும்மா. டிவி இருக்கு. நான் சோபாவுலயே படுத்துக்குவேன், ராத்திரி கூப்பிட்டா உடனே…

…

ஏம்மா அப்படிப் பார்க்குற?

…

எட்டு மில்லிமீட்டர்ம்மா. கட்டில் போகல. நான் எவ்வளவோ பார்த்தேன்… ம்ம்… அழல, நான் அழல… நீ பேசாத, மூச்சு வாங்குது.

தம்பி… தம்பி, இந்த ஸ்ட்ரெச்சர் ஒடுக்கமாத்தானே இருக்கு. இது போகுமில்ல அந்த வாசல்ல? … மாத்திப் படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு தடவை உள்ள… ஜன்னல்கிட்ட வரைக்கும்தான்… தெரியும்ப்பா, உங்களுக்கு அடுத்த கேஸ் இருக்கு, தெரியும்… அஞ்சு நிமிஷம். சரி. அஞ்சு நிமிஷம் போதும்.

…

மாப்பிள்ளை, இருக்கீங்களா? உள்ள வந்துட்டோம். ரெண்டு பக்கமும் இடம் விட்டு லேசா வந்துருச்சு… பார்க்குறா. எதிர்மாடியில துணி காயுது… ஆமா, இன்னைக்குன்னு பார்த்து நிறைய… சட்டை நேராத்தான் போட்டிருக்காங்களாம்… பெட்ஷீட்டை ஒழுங்கா உதறலையாம். உங்க மாமியார் சொல்றா. சத்தம் வரல, உதடு அசையுது, எனக்குப் புரியுது… என் கையைப் புடிச்சிருக்கா. இன்னொரு கையிலதான் ஃபோன்… ம்ம்… ம்ம்… சொல்றேன், நீங்க விசாரிச்சீங்கன்னு சொல்றேன்.

என்னப்பா? … ஆயிடுச்சா? அதுக்குள்ளயா?

இருங்க மாப்பிள்ளை, வச்சுடுறேன். இந்தத் தம்பிகிட்டப் பேசணும்.

தம்பி, நீங்க சொன்னது அஞ்சுதான், நான் இல்லைங்கல. ஊர்ல எல்லாரும் எல்லாத்தையும் ஏத்தி எறக்கி முழுசாக்குறாங்களே… இவளுக்காக இந்த ஒரு தடவை, அஞ்சைப் பத்துன்னு வச்சுக்கக் கூடாதா தம்பி…