மூன்று மசிப் புள்ளிகள்

ஸ்லைடு துடைக்கப் பழைய வேட்டித் துணிதான் நல்லது. புதுத் துணி கண்ணாடியில் நூல் விடும்.

விசாரிக்க வந்த நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் முறையாகவே சொல்கிறேன். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி உறிஞ்சி, வந்த துளியைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் ஏற்றுவோம். இளைய டாக்டர் முதலில் பார்த்து, சந்தேகமான செல்லுக்குப் பக்கத்தில் மசியால் புள்ளி வைப்பார். மூத்தவனான நான் அந்த இடங்களைப் பார்த்து முடிவு சொல்வேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் இது.

கல்வராயன் மலையில் தைராய்டு வீங்கிய கழலை சாதாரணம். உணவில் அயோடின் போதாது, அவ்வளவுதான். ஆனால் குழந்தையின் கழுத்தில் கெட்டியான ஒற்றைக் கட்டி என்றால் அசட்டையாக இருக்கக் கூடாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அது புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காலத்தில் வெட்டி எடுத்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்வார்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த வருஷம். என் மகன் சிவசங்கருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் கண்ணகி எங்களிடம் வேலைக்கு வந்தாள். ஒதுக்கீட்டில் படித்த டாக்டர். ரிஷிவந்தியத்துக் கூலிக்காரர் மகள்.

"மார்க்குதான் கம்மி, கண்ணாவது தெரியுதான்னு பாப்போம்" என்றேன், டீ குடிக்கும்போது. எல்லாரும் சிரித்தார்கள்.

"தெரியுதுங்க சார். உங்க சட்டையில சாயம் ஒட்டிக்கினு இருக்குது" என்றாள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அந்த வாரம் மலையிலிருந்து ராசு தன் ஒன்பது வயது மகள் இருசம்மாளைக் கூட்டிவந்தார். கண்ணகி ஸ்லைடில் மூன்று புள்ளி வைத்து, "புற்றுதான் சார்" என்றாள்.

பார்த்தேன். உட்கருவின் நடுவே, காப்பிக் கொட்டையில் இருப்பது போன்ற கோடு. அந்தப் புற்றின் அடையாளமே அதுதான். ஒன்றல்ல, கும்பலாக. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு தெளிவு. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து மூன்று புள்ளிகளையும் துடைத்தேன்.

"வெறும் கழலைக்கே பயந்துட்டியேம்மா" என்றேன், எல்லார் முன்னாலும்.

"கெட்டது இல்லீங்களே சார்?" என்றார் ராசு.

"இல்லப்பா. அயோடின் உப்பா வாங்கிப் போடு, போதும்."

கண்ணகி அவர் பின்னாலேயே ஓடி, மெட்ராஸுக்குப் போகச் சொன்னாளாம். அவர் பெரிய டாக்டரைத்தான் நம்பினார்.

சில மாதத்தில் நானே கூப்பிட்டு அனுப்புவதாக இருந்தேன். கூப்பிட்டிருந்தால் கண்ணகி சொன்னது சரி என்று ஆகியிருக்கும். குழந்தையை மறுபடி தூக்கிவந்தபோது மூச்சே விட முடியவில்லை. நுரையீரல் வரை பரவி இருந்தது.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். வேறு யார் வைத்த புள்ளியாக இருந்தாலும் நான் துடைத்திருக்க மாட்டேன். கண்ணகிக்கு அன்று அந்த மருத்துவ இடத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால், இருசம்மாள் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.